துடுப்பை மடியில் வைத்த பிறகு

பதினோரு மாதம் ஒரு ரெட்ஃபிஷ்கூடக் கிடைக்கவில்லை. 2019 ஏப்ரலில் பன்னிரண்டு அடி கயாக் ஒன்று வாங்கினேன். அதிலிருந்து அடுத்த மார்ச் பிறக்கும்வரை, வேலை இல்லாத சனிக்கிழமைகளில் நான்கு மணிக்கே எழுந்து, கயாக்கைக் காரின் மேல் கட்டிக்கொண்டு, அரான்சாஸ் பாஸ் ஊரைத் தாண்டிப் போய்த் தண்ணீரில் இறங்குவேன். கெளுத்தி மாட்டும். கையளவு கத்தாளை மாட்டும். தேடிப் போனது மட்டும் மாட்டாது. "அந்தப் பக்கம் இப்பல்லாம் மீனே கிடையாது" என்று அலுவலகத்தில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். அது உண்மையில்லை. மீன் இருந்தது. நான் போன வழியெல்லாம் எனக்கு முன்னால் அது ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு டெக்சாஸின் கார்ப்பஸ் கிறிஸ்டியில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. பிறந்தது முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில். நாங்கள் குடிவந்த புதிதில் ஒருநாள் போர்ட் அரான்சாஸ் ஊருக்குப் போகும் 361ஆம் எண் சாலையில் வண்டியை நிறுத்தினேன். கால்வாய்க்கு அந்தப் புறம், இடுப்பளவு உயரத்தில், சதுப்பு முழுக்கப் பச்சையாக அலையாத்தி. சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும் அந்த மூச்சுவேர்களைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கள் ஊர் வெண்கண்டலும் இங்குள்ள கறுப்பு அலையாத்தியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தச் சேற்று வாசனைக்காகத்தான் கயாக் வாங்கினேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்த இடத்துக்கு லைட்ஹவுஸ் லேக்ஸ் என்று பெயர். அலையாத்தித் திட்டுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஏரிகளாகத் தேங்கி நிற்கும் உப்புத் தண்ணீர். அவற்றை இணைக்கும் குறுகிய வாய்க்கால்கள். ஒரு ஓரத்தில் 1857இல் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கம். பல இடங்களில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். அடியில் கடற்புல், இடையிடையே வெள்ளை மணல் திட்டு, சிப்பிப் பார். மோட்டார் படகின் விசிறி அந்தப் புல்லை வேரோடு அறுத்துவிடும். அறுத்த தடம் ஆறப் பல வருடம் ஆகும். டெக்சாஸ் கடலோரத்தில் கடற்புல்லை வேரோடு பிடுங்குவது 2013 முதல் குற்றம். துடுப்புப் போடுகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. நான்கு அங்குலத் தண்ணீர் இருந்தால் கயாக் போய்விடும்.

ரெட்ஃபிஷும் அப்படித்தான், முதுகு வெளியே தெரியும் அளவுக்கு ஆழமில்லாத தண்ணீரில்கூட வந்து மேயும். செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கி வெயிலில் வைத்தால் வருமே, அந்த நிறம். வால் தொடங்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. வாய் முகத்துக்கு அடியில் இருக்கிறது. தரையில் இருக்கும் நண்டையும் இறாலையும் பொறுக்கத் தோதான வாய். ஆழமில்லாத இடத்தில் அப்படித் தலைகீழாகக் குனிந்து பொறுக்கும்போது வால் தண்ணீருக்கு மேலே வந்து விசிறி போல ஆடும். அதன் விளிம்பில் மெல்லிய நீலம் ஓடும். அந்த வாலைப் பார்ப்பதற்காகவே இந்த ஊர்க்காரர்கள் ஆயுளைச் செலவழிக்கிறார்கள்.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஆலையில் கோளாறு தேடுகிற மாதிரியே மீனையும் தேடினேன். ஏற்றவற்ற அட்டவணை, காற்றின் வேகம் காட்டும் செயலி, பெட்டி நிறையப் பொய் இரைகள். ஒரு ஏரிக்குள் நுழைவேன், நான்கு பக்கமும் வீசுவேன், பத்து நிமிடத்தில் ஒன்றும் இல்லை என்று அடுத்த ஏரிக்கு விரைவேன். ஒரு காலையில் ஏழெட்டு மைல் துடுப்புப் போட்டிருக்கிறேன். போகிற வழியில் அங்கங்கே தண்ணீருக்கடியில் சேறு புகைபோலக் கிளம்பும். அது என்னவென்று நின்று பார்த்ததே இல்லை. என் சத்தத்துக்குப் பயந்து ஒரு மீன் எழுந்து ஓடிய தடம் அது. பதினோரு மாதம் அந்தப் புகைக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இதைக் காட்டிக்கொடுத்தவர் கரையில் எப்போதும் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர். வியட்நாமியர். 1975இல் போர் முடிந்த பிறகு டெக்சாஸ் கடலோரத்துக்கு வந்து இறால் படகு ஓட்டிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. படகை விற்றுவிட்டு, ஒரு பழைய ஃபைபர் ஓடத்தில் நீளக் கழியை ஊன்றி ஊன்றிப் போய் வருவார். 2020 மார்ச் முதல் வாரம். வெறுங்கையோடு கயாக்கை இழுத்துக்கொண்டு கரையேறினேன். அவர் பக்கத்துப் பக்கெட்டில் இரண்டு மீன் கிடந்தது, இரண்டும் செம்பு நிறம்.

"எங்கே பிடித்தீர்கள்?"

கையை நீட்டினார். நான் அன்று காலை கடந்து போன முதல் ஏரி அது.

"அங்கே எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாய்?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. சும்மா உட்காரவா இவ்வளவு தூரம் வருகிறேன்? மறுவாரம் அவரே கூட்டிக்கொண்டு போனார். ஏரியின் வாயில் நுழைந்ததும் கழியைச் சேற்றில் சத்தமில்லாமல் இறக்கி ஓடத்தைக் கட்டினார். என் துடுப்பை வாங்கி என் மடியிலேயே குறுக்காக வைத்தார். "அரை மணி நேரம். தூண்டிலைத் தொடாதே."

முதல் பத்து நிமிடம் எனக்கு உடம்பெல்லாம் ஊறியது. அதன் பிறகு ஏரி ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தது. மடவை துள்ளியது. ஒற்றையாகத் துள்ளினால் அதற்கு அர்த்தமில்லை, அது மடவையின் பழக்கம் என்றார். கூட்டமாக, மழைத்தூறல் மாதிரிச் சிதறினால் கீழே யாரோ துரத்துகிறார்கள். கரையோரம் நடந்த வெள்ளைக் கொக்கு திடீரென்று நான்கு அடி ஓடிக் கொத்தியது. இறால் அங்கே நெருக்கப்படுகிறது என்று பொருள். புல்லும் மணல் திட்டும் சந்திக்கும் கோட்டில் தண்ணீர் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வேறுவிதமாக நடுங்கியது. பிறகு அந்த நடுக்கம் ஒரு சின்ன அலையாகி, முன்னால் கூர்மையாக, பின்னால் விரிந்து, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. மடவை போனால் அலை படபடவென்று கோணல்மாணலாகப் போகும். இது தோளில் சுமையுள்ள ஆள் நடக்கிற நடை. "அதுதான்" என்றார் மூச்சுக்குள்.

இருபது நிமிடத்தில் ஐந்து மீனைக் கண்ணால் பார்த்தேன். நான் பத்து நிமிடத்தில் காலி என்று தள்ளிவிட்டுப் போன ஏரி அது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கயாக்கைத் தலைகீழாகப் போட்டு ஒவ்வொரு பாகமாகத் தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஓடு, முரசு மாதிரி. துடுப்பு விளிம்பில் இடிப்பது, கால்மாட்டில் பெட்டி உரசுவது, மூடியைத் திறந்து மூடுவது, எல்லாமே தண்ணீருக்குள் போகும். மீனுக்குக் காது மட்டுமில்லை, உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு முழுதும் அதிர்வை அறிகிற உறுப்பு. கயாக்கின் தரையில் பழைய யோகா விரிப்பை வெட்டி ஒட்டினேன். நங்கூரத்தை எடுத்து வைத்துவிட்டு ஆறடிக் கழி ஒன்று வைத்துக்கொண்டேன். வேண்டியதைக் கரையிலேயே வெளியே எடுத்து வைத்துக்கொள்வேன், தண்ணீரில் மூடியைத் திறப்பதில்லை. போலரைஸ்டு கண்ணாடி ஏற்கெனவே இருந்தது. சூரியனை முதுகுப்புறம் வைத்துக்கொண்டால்தான் அது வேலை செய்யும் என்பதைத்தான் கற்கவேண்டியிருந்தது.

வீசுவதிலும் எனக்கு ஒரு தப்பு இருந்தது. மீனைக் கண்டதும் அதன் தலைமேலேயே போட்டுவிடுவேன். அது நிற்குமா? மீன் போகும் திசைக்கு நாலைந்து அடி முன்னால், அதையும் தாண்டி விழவேண்டும். பிறகு மெதுவாக இழுத்து அதன் பாதையில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். இரை மீனை நோக்கி வரவே கூடாது. எந்த நண்டும் தன்னைத் தின்கிறவனை நோக்கி நீந்தாது. புல்லில் மாட்டாதபடி முள்ளுக்குக் காப்புக் கம்பி வைத்த கால் அவுன்ஸ் பொன்னிற ஸ்பூன் ஒன்று போதும். பெட்டியில் இருந்த மற்றதையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

முதல் ரெட்ஃபிஷ் அந்த மார்ச் மாதமே வந்தது. முப்பது அடி தூரத்தில் வால் எழுந்து ஆடியது, அடங்கியது, மறுபடி எழுந்தது. கை நடுங்கியதால் முதல் வீச்சு குறைவாகப் போய்விட்டது. எடுத்து மறுபடி போடாமல் அப்படியே விட்டேன். மீன் திரும்பி என் பக்கமாகவே மேய்ந்து வந்தது. ஸ்பூனை ஒரு முழம் இழுத்து நிறுத்தினேன். தண்ணீர் குழிந்தது. அதற்குப் பிறகு ரீல் கத்திக்கொண்டே போனது, கயாக்கின் மூக்கு தானாகத் திரும்பியது, என்னையும் சேர்த்து ஒரு ஏரி நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது அது. அளவுப் பலகையில் இருபத்து மூன்று அங்குலம். கையில் பிடித்தபோது உள்ளங்கைக்குள் டும் டும் என்று அதிர்ந்தது. இந்த மீனின் முழுப்பெயர் ரெட் டிரம். ஆண் மீன் காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்து முரசு கொட்டும்.

படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். "டேய் தம்பி, இது கத்தாளையாட்டம்ல இருக்கு! தலைய ஒடச்சுப் பாரு, உள்ள கல்லு இருக்கும்." பார்த்தேன். இருந்தது. தந்த நிறத்தில் இரண்டு கல். கத்தாளையும் ரெட்ஃபிஷும் ஒரே குடும்பம் என்று நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா குழம்பு வைத்த கையால் படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள்.

இங்கே நாளொன்றுக்கு ஒருவர் மூன்று மீன் எடுக்கலாம், ஒவ்வொன்றும் இருபது முதல் இருபத்தெட்டு அங்குலத்துக்குள். அதைவிடப் பெரியதாக எடுக்க உரிமத்தோடு ஒரு சீட்டு தருவார்கள். இந்தக் கணக்கு சும்மா வந்ததில்லை. 1980களில் நியூ ஆர்லியன்ஸ் சமையற்கலைஞர் பால் புருதோம் மசாலா தடவிக் கருக வறுத்த ரெட்ஃபிஷைப் பிரபலமாக்கினார். நாடு முழுக்க அந்த உணவு பரவியது, வளைகுடாவில் பெரிய மீன்களைக் கூட்டம் கூட்டமாக வளைத்து அள்ளினார்கள். டெக்சாஸ் மாநிலம் 1981லேயே இயற்கை நீர்நிலைகளில் பிடித்த ரெட்ஃபிஷை விற்பதைத் தடை செய்திருந்தது. கார்ப்பஸ் கிறிஸ்டியிலேயே குஞ்சு பொரிப்பகம் அமைத்து, குஞ்சுகளை விரிகுடாக்களில் விட ஆரம்பித்தார்கள். நான் கையில் பிடித்த அந்த மீன் அங்கே பிறந்ததாகக்கூட இருக்கலாம். வரிசையாகப் பல பேர் வேண்டாம் என்று கைகட்டி நின்றதால்தான் அது என் கைக்கு வந்தது.

இரண்டு தப்புகளைச் சொல்லவேண்டும். ஒன்று என் உயிரோடு போயிருக்கும். மற்றது மீனின் உயிரோடு போனது.

இந்தக் கடலோரத்தில் ஏற்றவற்றம் சிறிது, பெரும்பாலும் இரண்டடிக்குள். தண்ணீரை ஆள்வது காற்று. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்முகம் இறங்கும்போது வாடை ஒரே வீச்சில் விரிகுடாவின் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஏரிகள் வற்ற வற்ற மீன்களெல்லாம் வாய்க்கால் குழிகளில் வந்து சேரும். பிடிப்பதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. 2020 நவம்பரில் ஒரு பிற்பகல் அது தெரிந்தே போனேன். எந்தப் பக்கம் போகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை. மூன்று மீன் ஆயிற்று; எடுக்கலாம் என்ற கணக்கு முடிந்தது. இன்னும் ஒன்று பிடித்து விட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். நிமிர்ந்தபோது எனக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருநூறு கெஜம் வெறும் சேறு பளபளத்தது. இறங்கிக் கால் வைத்தேன், தொடை வரை போனது. உள்ளே புதைந்திருந்த சிப்பி கணுக்காலைக் கிழித்தது. கடைசியில் கயாக்கின் மேலேயே குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் சேற்றை உந்தி உந்தி, ஒரு முழம் ஒரு முழமாக நகர்ந்தேன். கால்வாய் ஓரம் சேர மூன்று மணி நேரம் ஆனது. இருட்டிவிட்டது, பற்கள் கிட்டிவிட்டன, கால்வாயில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. கைபேசி வெளிச்சத்தை ஆட்டியதைப் பார்த்துத் திரும்பி வந்த ஒரு படகுக்காரர் ஏற்றிக்கொண்டார்.

"நீங்க மீன் புடிக்கிறத நான் வேணாம்னு சொல்லல. எந்தப் பக்கம் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்ல?" என்றாள் மனைவி, காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே. அன்றிலிருந்து ஏரியின் பெயரும் திரும்பும் நேரமும் எழுதிய தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை குளிர்முகம் வரும் நாளில் நான் வெளியேறும் வாய்க்காலை விட்டு உள்ளே போவதில்லை.

அடுத்த தப்பு 2021 ஆகஸ்டில். அந்தப் பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் டெக்சாஸ் கரையில் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்தன. அலையாத்திகள் தீயில் கருகியவை போலப் பழுப்பாக நின்றன. கரையோரம் செத்துக் கிடந்த மீன்களுக்கு நடுவே நடந்து, கண் கலங்கி வீடு திரும்பியவன் நான். ஆறு மாதத்தில் அதை மறந்தேன்.

மதியம் பன்னிரண்டு மணி. தண்ணீர் கஞ்சி போலச் சூடு. அந்தச் சூட்டில் தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் இருக்கும், மீன் களைத்தால் மீள நேரமாகும்; எனக்கு அது தெரியும். மிக மெல்லிய தூண்டில் கழி வைத்திருந்தேன், அதில்தான் விளையாட்டு அதிகம் என்பதற்காக. மாட்டியது பெரிய மீன். கால் மணி நேரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு அங்குலம், என் வாழ்நாளில் அதுவரை பிடித்ததிலேயே பெரிது. தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டபடி ஒரு படம். வெயில் கண்ணில் விழுகிறது என்று திரும்பி உட்கார்ந்து இன்னொன்று. கைபேசி நழுவியது, துடைத்துவிட்டு மூன்றாவது. பிறகு தண்ணீரில் விட்டேன், விட்ட கையோடு படத்தைப் பார்க்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது இருபதடி தள்ளி வெள்ளை வயிறு மேலே தெரிந்தது.

துடுப்புப் போட்டுப் போய், தலையைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தி, வெகுநேரம் முயன்றேன். செவுள் ஒருமுறை திறந்தது. மறுபடி திறக்கவில்லை. செம்பு நிறம் என் கையிலேயே சாம்பலாக மாறுவதைப் பார்த்தேன். சட்டப்படி உரிமத்தின் சீட்டைக் கட்டி எடுத்துவந்தேன். அதில் குற்றம் இல்லை. குற்றம் அதற்கு முன்னால் நடந்து முடிந்துவிட்டது.

ரெட்ஃபிஷ் மூன்று நான்கு வயது வரை ஆழமில்லாத விரிகுடாவில் வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகும். கோடை முடிந்து இலையுதிர் காலம் வரும்போது முகத்துவாரங்களை ஒட்டி முட்டையிடும். நாற்பது வயது வரைகூட வாழும். முப்பத்தோரு அங்குல மீன் என்றால், வெளியே போகக் கிளம்பும் பருவம். கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் முகத்துவாரம், சில மைல்தான். கடுங்குளிரைத் தாங்கிய மீன் அது. என் மூன்று படங்களைத் தாங்கவில்லை.

அதன் தலைக்கல் இரண்டையும் எடுத்துக் கழுவி மேஜைமேல் வைத்தேன். படங்களை அழித்துவிட்டேன். இப்போது கோடையில் ஒன்பது மணிக்குமேல் தண்ணீரில் இருப்பதில்லை. கனமான கழியும் உறுதியான நூலும் கொண்டுபோய் நாலைந்து நிமிடத்தில் மீனைக் கொண்டுவந்துவிடுவேன். விடுவதாக இருந்தால் தண்ணீரை விட்டுத் தூக்குவதே இல்லை, பக்கவாட்டிலேயே முள்ளைக் கழற்றுவேன். வால் தானாக என் கையை உதறும்வரை பிடித்துக்கொண்டிருப்பேன். சில மீன்களுக்கு அது ஐந்து விநாடி, சிலவற்றுக்கு ஐந்து நிமிடம்.

பெரியவருக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை, தண்ணீருக்கு வருவதில்லை. நான் எப்போதாவது ஒரு மீனை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவேன். போன அக்டோபரில் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இருபத்திரண்டு அங்குல மீன். அவர் மனைவி புளி கரைத்து, தக்காளியும் அன்னாசியும் போட்டு, அவர்கள் ஊர்ப் புளிச்சாறு வைத்தார். மீன் குழம்புக்குப் புளி போடுகிற இன்னொரு வீட்டை நான் இந்த நாட்டில் அங்கேதான் பார்த்தேன். தலை அவருக்கு. பொறுமையாக ஒவ்வொரு எலும்பாகச் சப்பி வைத்தவர், கடைசியில் இரண்டு கல்லை எடுத்துத் துணியில் துடைத்து என் மகளின் தட்டோரம் தள்ளினார்.

அவள் விரலால் உருட்டிப் பார்த்தாள். அதை மெல்லியதாக வெட்டிப் பார்த்தால், மரத்தில் இருப்பது போல, வருடத்துக்கு ஒரு வளையம் தெரியும் என்றேன்.

"இதுக்கு எத்தனை வயசுப்பா?"

"ரெண்டு இருக்கும்."

"அப்ப உங்க மேஜைமேல இருக்கற பெரிய கல்லு?"

வீடு திரும்பும் வழியில், 361ஆம் எண் சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்த ஆகஸ்ட் மதியத்தை முதல் முறையாக அவளிடம் முழுக்கச் சொன்னேன். மூன்றாவது படத்தையும் விடாமல்.